மூலை சரிதானா? 22-க்கு 33 அடி வீட்டுக்கு எந்த அளவை நம்புவது

ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என் தம்பி மனை வாங்கியிருக்கிறான். மனை 30-க்கு 40. அதற்குள் கட்டடம் 22-க்கு 33 அடி. முளை அடித்துக் கயிறு கட்டும் நாளன்று காலையில் ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கொத்தனார் அண்ணன் கையில் மூலைமட்டம், அதாவது செங்கோணம் பார்க்கும் L வடிவக் கருவி. தம்பியின் போனில், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பழம்பாட்டு. வரைபடம் போட்டுக் கொடுத்த இன்ஜினியர் "மூலைக்கு மூலை பிடிச்சுப் பாத்துக்கங்க" என்று போனில் சொல்லிவிட்டார். நான் பள்ளியில் கணக்கு எடுப்பவள், என் பையில் கால்குலேட்டர் இருந்தது. எதை வைத்து மூலையை முடிவு செய்வது என்று அரை மணி நேரம் பேசினோம். அன்றைக்குப் பேசியதையும் அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். வீடு கட்டப் போகிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் எங்கள் வீட்டுச் சமையலறை. டைல்ஸ் ஒட்டும்போதுதான் மூலை விலகியிருப்பது தெரிந்தது. ஒரு ஓரத்தில் முழு டைல்ஸ் நிற்கிறது, அதே வரிசை எதிர்ச் சுவருக்குப் போகும்போது இரண்டு விரல்கடைத் துண்டாகக் குறுகிவிடுகிறது. அலமாரியைச் சுவரோடு சேர்த்தால் பின்னால் ஒரு பக்கம் கரப்பான் போகிற சந்து விழுகிறது. சுவர் எழுந்த பிறகு இதற்கு மருந்தே கிடையாது. வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் செலவழித்திருந்தால் போதும்.

முதலில் அடிப்படை. பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும். நமக்கு இங்கே வேண்டியது அதன் மறுதலை. மூன்று நீளங்களில் பெரியதன் வர்க்கம் மற்ற இரண்டின் வர்க்கக் கூடுதலுக்குச் சமம் என்றால், பெரிய பக்கத்துக்கு எதிரே இருக்கும் மூலை செங்கோணம்தான். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் 47-ஆவதாகத் தேற்றத்தையும் 48-ஆவதாக இந்த மறுதலையையும் தனித்தனியாக நிறுவியிருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான் தனித்தனி. பெரிய பக்கத்தின் வர்க்கம் அதிகமாக இருந்தால் மூலை விரிந்திருக்கிறது, குறைவாக இருந்தால் குறுகியிருக்கிறது.

மூன்று நீளம் மட்டும் வைத்து ஒரு கோணத்தைச் சொல்ல முடிவது எதனால் என்று என் மாணவர்களுக்கு மூன்று விளக்குமாற்றுக் குச்சியை வைத்துக் காட்டுவேன். மூன்று குச்சியின் முனைகளைக் கட்டினால் அது ஆடாது. நான்கு குச்சியைக் கட்டினால் சாய்ந்து சாய்ந்து ஆடும். அதனால்தான் 22, 33, 22, 33 என்று நான்கு பக்கமும் சரியாக அளந்து முளை அடித்தாலும் மூலை செங்கோணமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குறுக்கே ஒரு அளவு பிடித்தே ஆக வேண்டும்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

மூலைமட்டம் கையடக்கம். செங்கல் வரிசை போடும்போதும், ஜன்னல் நிலை வைக்கும்போதும் அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அதன் கை இரண்டு அடிதான். அந்த இரண்டு அடியில் ஒரு நூல் விலகினால், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு விலகினால், யார் கண்ணுக்கும் தெரியாது. அதே கோட்டை 33 அடிக்கு இழுத்துக்கொண்டு போனால் விலகல் 16 நூலைத் தாண்டும். இரண்டு அங்குலம்! எங்கள் சமையலறையில் நடந்தது இதுதான் என்று இப்போது தெரிகிறது. அந்த வீட்டைக் கட்டியவர் மூலைமட்டத்தை மட்டும் வைத்து மூலை பிடித்தார். கருவி கெட்டதில்லை, அதற்கு எட்டாத தூரத்துக்கு அதை நம்பியதுதான் தப்பு.

அடுத்தது எல்லாக் கொத்தனாருக்கும் தெரிந்த 3-4-5. ஒரு கயிற்றில் 3 அடி, இன்னொரு கயிற்றில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே 5 அடி வருகிற மாதிரி கயிற்றை நகர்த்துவது. 9-உம் 16-உம் 25. கணக்கு துல்லியம், வர்க்கமூலம் வேண்டாம், பின்னம் வேண்டாம். இதில் எனக்கு ஒரு குறைதான்: பெரும்பாலும் 3 அடி, 4 அடி என்றே பிடித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அந்த 5 அடியை அளப்பதில் ஒரு நூல் பிசகினால் 33 அடி தூரத்தில் கிட்டத்தட்ட 14 நூல் விலகும். மூலைமட்டத்தைவிடக் கொஞ்சம்தான் மேல். அதே கணக்கை மும்மடங்காக்கி 9, 12, 15 அடி என்று பிடித்தால் அதே ஒரு நூல் பிசகுக்கு விலகல் நாலரை நூலுக்குக் குறைந்துவிடுகிறது. எங்கள் 22-க்கு 33 கட்டடத்துக்குள் அடங்கும் பெரிய 3-4-5 எது என்று பார்த்தேன். ஏழு மடங்கு: 21, 28, 35. இதில் ஒரு நூல் பிசகு 33 அடியில் வெறும் இரண்டு நூலாகத்தான் வரும். அதே ஆட்கள், அதே டேப், அதே கை நடுக்கம். முக்கோணத்தைப் பெரிதாக்கியது மட்டுமே வித்தியாசம்.

"டீச்சர், சின்னதுல சரியா இருந்தா பெருசுலயும் சரியாத்தானே இருக்கும்?" என்று கொத்தனார் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கில் ஆமாம். தரையில், நாம் அளப்பதில் ஒரு நூல் தப்பு எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும், அந்த ஒரு நூல் 5 அடியில் பெரிது, 35 அடியில் சிறிது. அதைச் சொன்னதும் அவரே 30 மீட்டர் டேப்பை எடுத்துவரச் சொன்னார்.

இங்கே முக்கோணத்தின் வடிவத்தையும் சொல்ல வேண்டும். 5-12-13, 8-15-17, 7-24-25, 12-35-37 என்று இன்னும் பல முழு எண் கட்டுகள் உண்டு, வேள்வி மேடை அளவுகளைச் சொல்லும் பழைய வடமொழி நூலான பௌதாயன சுல்ப சூத்திரத்திலேயே இவை இருக்கின்றன. ஆனால் மூலை பிடிக்க 7-24-25 வேண்டாம். ஒல்லியான முக்கோணத்தில் கோணம் கொஞ்சம் மாறினாலும் கர்ணம் அவ்வளவாக மாறாது, அதனால் தப்பு ஒளிந்துகொள்ளும். ஒரே நீளக் கர்ணத்துக்கு, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் முக்கோணம்தான் தப்பை அதிகம் காட்டிக்கொடுக்கும். 3-4-5 அந்த உச்சத்தில் 96 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. 7-24-25 பாதியைத் தாண்டி நின்றுவிடுகிறது. இவ்வளவு எளிய எண்கள் இவ்வளவு நல்ல வடிவத்தையும் தருவது நமக்குக் கிடைத்த பாக்கியம்.

இனி தம்பி போனில் இருந்த பாட்டு. போதையனார் பெயரில் சொல்லப்படுவது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி, அதில் ஒரு கூறைத் தள்ளிவிட்டு, மற்ற பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்கிறது. வர்க்கமூலமே வேண்டாம். "அக்கா, இது நம்ம பாட்டன் கணக்கு, பிதாகரஸுக்கு முன்னாடியே" என்று அவன் ஆசையாகக் காட்டினான். போட்டுப் பார்த்தோம். மனை 30-க்கு 40: நாற்பதில் எட்டில் ஒன்று போனால் 35, முப்பதில் பாதி 15, கூட்டினால் 50. மிகச் சரி. 5-க்கு 12: பத்தரையும் இரண்டரையும் 13. அதுவும் சரி. அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

கட்டடத்துக்குப் போட்டோம். 33-இல் எட்டில் ஒன்று போக 28.875, 22-இல் பாதி 11. கூட்டினால் 39.875 அடி. உண்மையான கர்ணம் 39.661 அடி. இரண்டரை அங்குலம் அதிகம். இந்த நீளத்தை நம்பி மூலை பிடித்தால் 33 அடி தள்ளி நாலரை அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். மூலைமட்டமே இதைவிட எவ்வளவோ தேவலை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, இந்தச் சூத்திரம் எந்தெந்த முக்கோணத்துக்குத் துல்லியமாக வரும் என்று சமன்பாடு போட்டேன். ஒரு இருபடிச் சமன்பாடு வருகிறது, அதற்கு இரண்டே விடை. பக்கங்களின் விகிதம் 4-க்கு 3 அல்லது 12-க்கு 5. அவ்வளவுதான். உலகத்திலுள்ள மற்ற எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் இது தோராயம். எல்லோரும் சரிபார்த்துக் காட்டுவது 3-4-5-ஐயும் 5-12-13-ஐயும் வைத்துத்தான், அந்த இரண்டும் சரியாக வருவதால் எல்லாவற்றுக்கும் சரியாக வரும் என்ற எண்ணம் பரவிவிட்டது. 8-15-க்குப் போட்டால் 17-க்குப் பதில் 17.125 வரும். 7-24-க்கு 25-க்குப் பதில் 24.5.

இதற்காகப் பாட்டைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீளமான பக்கம் சிறியதைப் போல ஒன்றேகால் மடங்கிலிருந்து இரண்டரை மடங்குக்குள் இருக்கும்வரை பிசகு ஒரு சதவீதத்துக்குள்ளேயே நிற்கிறது. ஓட்டுக்கூரைக்குச் சாய்வு மரம் எவ்வளவு நீளம் வாங்க வேண்டும், குறுக்கே எத்தனை அடி கம்பி போகும் என்று கடையில் நின்று மனக்கணக்காகப் போட இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது. நீளத்தைத் தோராயமாகச் சொல்ல அது போதும். செங்கோணமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது. தம்பிக்கு இதைச் சொன்னபோது கொஞ்சம் வருத்தம்தான். எனக்கும்தான்.

கால்குலேட்டரில் கர்ணத்தைக் கணக்கிட்டுப் பிடிப்பது அடுத்த வழி. 22-இன் வர்க்கம் 484, 33-இன் வர்க்கம் 1089, கூட்டினால் 1573, மூலம் 39.661. கட்டடம் எந்த அளவானாலும் இது வேலை செய்யும், முழு எண் கட்டு தேட வேண்டாம். ஆனால் அடி அங்குலத்தில் வேலை நடக்கும் நம் ஊரில் இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 39.66 என்று கால்குலேட்டர் காட்டினால் அதை 39 அடி 6 அங்குலம் என்று பிடித்துவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலம் இல்லை, அடியின் பின்னம். 0.661-ஐ 12-ஆல் பெருக்கினால் 7.93 அங்குலம், மிச்சம் 0.93-ஐ 8-ஆல் பெருக்கினால் ஏழரை நூல். ஆக 39 அடி 7 அங்குலம் ஏழரை நூல். இந்த மாற்றம் கைவராவிட்டால் முழுவதையும் சென்டிமீட்டரில் செய்துவிடுங்கள், தொல்லை விட்டது. 21-28-35 தருகிற துல்லியத்தைவிட இது கூடுதலாகத் தருவது சொற்பம்தான், அதனால் முழு எண் கட்டு கட்டடத்துக்குள் நன்றாக அடங்கும் இடத்தில் நான் கால்குலேட்டரை எடுக்க மாட்டேன்.

இன்ஜினியர் சொன்ன மூலைக்கு மூலை அளவு தனி ரகம். இரண்டு குறுக்களவும் சமமா என்று மட்டும் பார்ப்பது. எண்ணே தெரிய வேண்டாம், ஒரு கயிறு போதும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து குறுக்களவும் சமமானால் நான்கு மூலையும் செங்கோணம். கோணம் விலகினால் ஒரு குறுக்களவு நீளும், மற்றது சுருங்கும், அதனால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். எல்லா வழியிலும் கூர்மையானது இதுதான். ஆனால் 'எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து' என்ற நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. முன்பக்கம் 22, பின்பக்கம் 21 என்று இரண்டு ஓரமும் ஒரே மாதிரி சரிந்து வரும் மனையிலும் குறுக்களவு சமமாகவே வரும், ஒரு மூலைகூடச் செங்கோணமாக இருக்காது. தவிர, இதற்கு நான்கு முளையும் அடித்திருக்க வேண்டும். முதல் மூலையைப் பிடிக்க இது உதவாது, பிடித்ததைச் சோதிக்கத்தான் உதவும்.

டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி, லேசர் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று பெரிய கட்டடத்துக்கு வேண்டும். இந்த அளவு வீட்டுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எந்த வழியானாலும் டேப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. மூன்று பக்கத்தையும் ஒரே டேப்பில், ஒரே மாதிரி இழுத்து அளக்க வேண்டும். டேப் சீராகக் கொஞ்சம் நீண்டிருந்தாலும் பரவாயில்லை, செங்கோணம் விகிதத்தைத்தான் பார்க்கிறது. இரண்டு பக்கத்தை இரும்பு டேப்பிலும் குறுக்கை நைந்துபோன ஃபைபர் டேப்பிலும் அளந்தால்தான் ஆபத்து. அப்புறம், தரை சரிவாக இருந்தால் டேப்பைத் தரையோடு படுக்க வைக்கக் கூடாது. தம்பி மனை மலைப் பக்கமிருந்து சரிந்து வருகிறது. 21 அடிக்கு ஒரு அடி சரிவு இருந்தால் இரண்டு நூலுக்கு மேல் பிசகு அதிலேயே வந்துவிடும். ட்யூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துக் கயிற்றை ஒரே உயரத்தில் கட்டிவிட்டு, அந்தக் கயிற்றின் மேல் அளந்தோம்.

சிலர் மனை வாங்கும்போதே புல வரைபடத்தில் இருக்கும் நீளங்களை வைத்து மனை செங்கோணமா என்று பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு 9.2 மீட்டர், 12.2 மீட்டர், குறுக்கே 15.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 84.64-உம் 148.84-உம் 233.48. 15.3-இன் வர்க்கம் 234.09. சமமில்லை, அதனால் செங்கோணமில்லை என்று அவசரப்பட வேண்டாம். ஒரு தசம இடத்துக்கு எழுதிய ஒவ்வொரு அளவிலும் ஐந்து சென்டிமீட்டர் வரை முன்னே பின்னே இருக்கலாம். மூன்றிலும் அது சேர்ந்தால் மூலை 90-லிருந்து ஏறத்தாழ ஒரு டிகிரி வரை எந்தப் பக்கமும் போகலாம். 12.2 மீட்டரில் ஒரு டிகிரி 21 சென்டிமீட்டர். ஆக, மனை மொத்தமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க அந்தத் தாள் போதும், வானம் தோண்டக் கோடு போட அது போதாது.

பள்ளிக் கணக்கில் நிலைமை வேறு. அங்கே எண்கள் முழுசு, சமம் என்றால் சமம், கிட்டத்தட்ட என்பதற்கு இடமில்லை. 8, 9, 12 என்று பக்கம் கொடுத்தால் 145-க்கும் 144-க்கும் ஒன்றுதான் வித்தியாசம், கோணம் 89.6 டிகிரி. வரைந்து பாகைமானி வைத்தால் செங்கோணம் என்றே எழுதத் தோன்றும். அதனால் வரைந்து பார்க்கும் வழியை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை. வர்க்கம் போட்டுக் கூட்டுவது எப்போதும் நம்பகமானது. ஆனால் எண்கள் பெரிதானால் வேறு இரண்டு வழி நேரத்தை மிச்சப்படுத்தும். ஒன்று, பொது வகுத்தியை எடுத்துவிடுவது: 51, 68, 85-ஐப் பதினேழால் வகுத்தால் 3, 4, 5 வெளியே வந்துவிடும். மற்றது எனக்கு மிகவும் பிடித்தது. சிறிய பக்கத்தின் வர்க்கம், மற்ற இரண்டின் வித்தியாசத்தையும் கூடுதலையும் பெருக்கினால் வருகிறதா என்று பார்ப்பது. 28, 195, 197 என்று வந்தால் 195-ஐ வர்க்கப்படுத்தப் பிள்ளைகள் திணறுவார்கள். வித்தியாசம் 2, கூடுதல் 392, பெருக்கினால் 784. அது 28-இன் வர்க்கம். முடிந்தது.

கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறான விடைகளைக் கழிக்க இன்னொன்று உண்டு. முழு எண் செங்கோண முக்கோணத்தில் சிறிய இரண்டு பக்கங்களில் ஒன்று 3-ஆல் வகுபடும், ஒன்று 4-ஆல் வகுபடும், மூன்று பக்கத்தில் ஏதாவது ஒன்று 5-ஆல் வகுபடும். 8, 9, 12-இல் ஐந்தின் மடங்கே இல்லை, பார்த்த உடனே ஒதுக்கிவிடலாம். இது ஒதுக்க மட்டும்தான். மூன்றும் வகுபட்டுவிட்டது என்பதற்காகச் செங்கோணம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

ஒத்தக்கடைக்குத் திரும்புகிறேன். அன்று நாங்கள் முடிவு செய்தது இது: முதல் மூலையை 21-28-35 வைத்துப் பிடித்தோம். அந்தக் கோடுகளிலேயே 22-ஐயும் 33-ஐயும் அளந்து மற்ற முளைகளை அடித்தோம். நான்கு பக்கத்தையும் மறுபடி அளந்து, எதிரெதிர்ப் பக்கம் சமம் என்று உறுதியான பிறகு மூலைக்கு மூலை பிடித்தோம். ஒன்று மற்றதைவிட ஐந்து நூல் அதிகம். பின்பக்க 33 அடிக் கோட்டை அதன் நீளவாக்கிலேயே எவ்வளவு நகர்த்துவது என்று கணக்குப் போட்டேன். இந்த அளவுக் கட்டடத்துக்கு, வித்தியாசத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், பத்தில் ஆறு பங்கு. ஐந்து நூலுக்கு மூன்று நூல். நீண்ட குறுக்களவு சுருங்குகிற பக்கமாக இரண்டு முளையையும் மூன்று நூல் நகர்த்தச் சொன்னேன். கொத்தனார் அண்ணன் முளையைப் பிடுங்காமல், முளைத் தலையில் இருந்த ஆணியை மட்டும் எடுத்து நகர்த்தி அடித்தார். மறுபடி பிடித்தோம். இரண்டு பக்கமும் 39 அடி 7 அங்குலம் ஏழரை நூல். வானம் தோண்டும்போது முளை போய்விடும் என்று, ஒவ்வொரு கோட்டையும் இரண்டடி வெளியே நீட்டி அங்கேயும் ஒரு முளை அடித்துவைத்தார். அதன் பிறகுதான் சுண்ணாம்புப் பொடியை எடுத்தார்.